டச்சு அரங்குகள் நிரம்பிய கதை: எரெடிவிசி கேள்வி பதில்

நெதர்லாந்தின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான எரெடிவிசி பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். கோல் கணக்கும் வீரர்கள் விலையும் கேட்பார்கள் என்று நினைத்தேன். பாதிக்கு மேல் வந்தது கூட்டத்தைப் பற்றித்தான். எவ்வளவு பேர் வருகிறார்கள், ஏன் வருகிறார்கள், இன்னும் வளருமா என்று. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. ஐந்தோவனில் குடியேறிய முதல் குளிர்காலத்தில் ஸ்டேடியத்துக்குப் போகும் கூட்டத்தைப் பார்த்துத்தான் இந்த ஊரே எனக்குப் பிடித்தது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

திருச்சியிலிருந்து: சார், அடிப்படையிலிருந்து சொல்லுங்கள். எத்தனை அணி, சராசரியாக எத்தனை பேர் பார்க்க வருகிறார்கள்?

18 அணிகள். ஒவ்வொன்றும் சொந்த ஊரில் 17 ஆட்டம், வெளியூரில் 17 ஆட்டம். ஆக, ஒரு சீசனுக்கு 306 ஆட்டங்கள். 1956இல் தொடங்கிய லீக் இது. இப்போது ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 18 முதல் 20 ஆயிரம் பேர் என்று வைத்துக்கொள்ளலாம். நாட்டின் மொத்த மக்கள்தொகையே 1.8 கோடிதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஆம்ஸ்டர்டாம் கிளப்பான அயாக்ஸின் அரங்கில் சுமார் 55 ஆயிரம் பேர் உட்காரலாம். ராட்டர்டாமில் ஃபெயனோர்டின் அரங்கான டி குயிப்பில் 47 ஆயிரத்துச் சொச்சம், எங்கள் ஐந்தோவனில் பி.எஸ்.வி.யின் பிலிப்ஸ் ஸ்டேடியத்தில் 35 ஆயிரம். ராட்டர்டாமிலேயே இருக்கும் இன்னொரு கிளப்பான எக்செல்சியோரின் அரங்கில் 4,500 பேருக்குத்தான் இடம். அயாக்ஸ் கூட்டத்தை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தால் அதுபோல 12 அரங்குக்கு மேல் வேண்டும். இந்த இரண்டு கிளப்பும் ஒரே லீக்கில் மோதுவதுதான் எரெடிவிசி.

யாழ்ப்பாணத்திலிருந்து: அண்ணை, யோகான் கிரைஃப் ஆடின காலத்தில் இன்னும் பெரிய கூட்டம் வந்திருக்குமே? இப்ப நல்ல வீரர்கள் எல்லாரும் 20, 21 வயதிலேயே இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் போய்விடுகினம். பிறகு எதைப் பார்க்க வாறார்கள்?

இந்த லீக்கைப் புரிந்துகொள்ள இதுதான் சரியான வாசல், தம்பி. எல்லோரும் நீங்கள் நினைப்பது போலத்தான் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு.

1970இல் ஃபெயனோர்ட் ஐரோப்பிய கிளப்புகளுக்கான கோப்பையை வென்றது. அடுத்த மூன்று வருடமும் கிரைஃப் ஆடிய அயாக்ஸ். 1988இல் பி.எஸ்.வி. வென்றது, அதே கோடையில் நெதர்லாந்து தேசிய அணி ஐரோப்பிய சாம்பியனும் ஆனது. உலகமே டச்சுக் கால்பந்தைப் பார்த்து வாயைப் பிளந்த காலம். ஆனால் அதே எண்பதுகளில் எரெடிவிசியின் சராசரிக் கூட்டம் 10 ஆயிரத்துக்கும் கீழே கிடந்தது. உலகத்தரமான வீரர்கள் உள்ளூரில் ஆடினார்கள், பாதி ஸ்டாண்ட் காலி.

காரணம் ஆட்டத்தில் இல்லை, ஆட்டம் நடந்த இடத்தில் இருந்தது. பழைய மைதானங்கள், நின்று பார்க்கும் சிமென்ட் படிகள், கூரை இல்லாத பகுதிகள், அக்டோபரிலிருந்து மார்ச் வரை மழை. அதற்கு மேல் பயம். 1989 செப்டம்பரில் ஆஸ்திரியா வியன்னா என்ற கிளப்புக்கு எதிரான அயாக்ஸ் ஆட்டத்தில் எதிரணி கோல்கீப்பர் மேல் இரும்புக் கம்பி வந்து விழுந்தது. அயாக்ஸுக்கு ஐரோப்பியப் போட்டிகளில் தடை வந்தது. அடுத்த மாதமே அயாக்ஸ் – ஃபெயனோர்ட் ஆட்டத்தில் வெளியூர் ரசிகர் பகுதியிலிருந்து கூட்டத்துக்குள் ஆணி வைத்த வெடிகுண்டுகள் வீசப்பட்டன. பலர் காயமடைந்தார்கள். இதைப் படித்த எந்தத் தகப்பன் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவான்?

அப்புறம் 1995 வந்தது. அயாக்ஸ் மறுபடி ஐரோப்பிய சாம்பியன். அதே வருடம் டிசம்பரில் பாஸ்மன் தீர்ப்பு. ஒப்பந்தம் முடிந்த வீரர் பணம் இல்லாமலே ஐரோப்பிய ஒன்றியத்தில் வேறு கிளப்புக்குப் போகலாம் என்றானது. டேவிட்ஸ், க்ளூய்வர்ட் என்று அந்த அணியே சில வருடங்களில் கலைந்துபோனது. இனி டச்சு லீக் செத்தது என்றார்கள். ஆனால் கூட்டம் ஏறத் தொடங்கியதே அப்போதுதான். அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் சராசரி இரண்டு மடங்குக்கும் மேலே போனது. நட்சத்திரங்கள் போகப் போக அரங்குகள் நிரம்பின. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

கோவையிலிருந்து: அப்படியானால் புது ஸ்டேடியம் கட்டினாலே கூட்டம் வந்துவிடுமா?

இந்த ஏற்றத்தில் பெரும்பங்கு புது அரங்குகளுக்குத்தான். வரிசையைப் பாருங்கள்: 1994இல் ஹேரன்வேன், 1996இல் அயாக்ஸ், 1998இல் ஆர்னெமில் விடெஸ்ஸும் என்ஸ்கெடேயில் ட்வென்ட்டேயும், 2000இல் கெர்க்ராடேயில் ரோடா, 2006இல் குரோனிங்கனும் ஆல்க்மார் நகரின் ஏ.இசட்டும், 2007இல் டென் ஹாக். பத்துப் பதிமூன்று வருடத்தில் ஒரு லீக்கின் பாதி வீடு மாறிவிட்டது.

அயாக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1995இல் ஐரோப்பாவை வென்ற அந்த அணியின் சொந்த மைதானமான டி மேர், கடைசிக் காலத்தில் 20 ஆயிரம் பேரைச் சுற்றித்தான் கொள்ளும். பெரிய ஆட்டம் என்றால் ஒலிம்பிக் ஸ்டேடியத்தைத் தேடிப் போவார்கள். 1996 ஆகஸ்டில் அரசி பீட்ரிக்ஸ் புது அரங்கைத் திறந்துவைத்தார். மூடித் திறக்கும் கூரை, 50 ஆயிரத்துக்கு மேல் இருக்கைகள். 2018இல்தான் அதற்கு யோகான் கிரைஃப் பெயர் வந்தது. முதல் சில வருடம் உள்ளே புல்லே வளரவில்லை. உயரமான சுவர், வெயில் படாது. தரையைத் திரும்பத் திரும்ப மாற்றினார்கள். ஆனாலும் கூட்டம் குறையவில்லை.

இருக்கை, கூரை, சுத்தமான கழிப்பறை, குழந்தைக்கு வறுத்த உருளைக்கிழங்கு, ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். இவை சின்ன விஷயங்களாகத் தெரியும். குடும்பம் திரும்பி வந்தது இவற்றால்தான். அதோடு சீசன் டிக்கெட் பழக்கம் வேரூன்றியது. ஒரு முறை வாங்கினால் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், விட்டால் இடம் போய்விடும். அந்தப் பயத்திலேயே அணி தோற்றாலும் மக்கள் விடுவதில்லை. என் பக்கத்து இருக்கைக்காரர் அவர் அப்பாவின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

மதுரையிலிருந்து: சின்ன ஊர் கிளப் எதுவும் பெரிதாக வளர்ந்த கதை உண்டா?

ஹேரன்வேன். இதைக் கேட்டதற்கு நன்றி, கேட்காவிட்டாலும் எழுதியிருப்பேன்.

வடக்கே ஃப்ரீஸ்லாந்து என்ற மாகாணம். டச்சு மொழியிலிருந்து வேறான ஃப்ரீசிய மொழி பேசுகிறவர்கள். அங்கே ஹேரன்வேன் ஊரில் ஏறத்தாழ 30 ஆயிரம் பேர். அரங்கில் ஏறத்தாழ 27 ஆயிரம் இருக்கைகள். ஊரே கிளம்பி வந்து உட்கார்ந்தாலும் கிட்டத்தட்ட இடம் சரியாக இருக்கும். உண்மையில் வருவது ஊர் இல்லை, மாகாணம். கிராமம் கிராமமாக, பண்ணை பண்ணையாக வருகிறார்கள். ஆட்டம் தொடங்கும் முன் ஃப்ரீசிய கீதம் ஒலிக்கும், எல்லோரும் எழுந்து நிற்பார்கள். சட்டையில் இருக்கும் சிவப்பு வடிவங்களை வெளியூர்க்காரர்கள் இதயம் என்று நினைப்பார்கள். அவை அல்லி இலைகள், மாகாணக் கொடியில் இருப்பவை.

1983 முதல் 2006 வரை ரீமர் வான் டெர் வெல்டே என்பவர் தலைவராக இருந்தார். அவர் வந்தபோது கிளப் இரண்டாம் நிலையில். அவர் காலத்தில்தான் முதல்நிலைக்கு வந்து, 1994இல் புது அரங்கு கட்டி, 2000–01இல் சாம்பியன்ஸ் லீக்கே ஆடிவிட்டது. நான் பார்த்து வியந்தது அவசரம் இல்லாத அந்த வளர்ச்சியை. அரங்கை முதலிலேயே 27 ஆயிரத்துக்குக் கட்டவில்லை. தொடக்கத்தில் அதில் பாதிதான். நிரம்பியது, கொஞ்சம் கூட்டினார்கள். மறுபடி நிரம்பியது, மறுபடி கூட்டினார்கள். அரங்குக்கு வைத்த பெயரும் முதலாளி பெயர் இல்லை, அந்த ஊரிலேயே பிறந்து ஆடிய ஆபே லென்ஸ்ட்ராவின் பெயர்.

சிங்கப்பூரிலிருந்து: கட்டி நஷ்டப்பட்டவர்கள் இல்லையா? எல்லாம் வெற்றிக்கதை போலவே சொல்கிறீர்கள்.

இருக்கிறார்கள். கெர்க்ராடே நிலக்கரிச் சுரங்க ஊர், சுரங்கங்கள் மூடி ரொம்ப நாளாயிற்று. ரோடாவுக்கு அங்கே கிட்டத்தட்ட 20 ஆயிரம் இருக்கைகளோடு அரங்கு கட்டினார்கள். அதை நிரப்ப அவ்வளவு ரசிகர்களும் இல்லை, பணமும் இல்லை. 2014இல் இறங்கி, திரும்பி வந்து, 2018இல் மறுபடி இரண்டாம் நிலைக்கு இறங்கிவிட்டது.

விடெஸ்ஸின் கதை இன்னும் வேதனை. ஆர்னெமில் 1998இல் கெல்ரடோம் திறந்தபோது ஐரோப்பாவே பார்த்தது. புல்தரையை அப்படியே தட்டு போல வெளியே தள்ளி வெயிலில் வைக்கலாம். முதல் வருடங்களில் கூட்டம் நிரம்பி வழிந்தது. பிறகு கடன், கைமாறிய வெளிநாட்டு உரிமையாளர்கள், கூட்டமும் தேய்ந்தது. உரிம விதிகளை மீறியதற்காக 2024இல் 18 புள்ளிகளை வெட்டினார்கள், முதல்நிலையிலிருந்தே இறங்கியது.

ட்வென்ட்டேயை எந்தப் பக்கம் வைப்பது என்று எனக்கு இன்னமும் மனம் ஊசலாடும். 13 ஆயிரம் இருக்கையில் தொடங்கி, 2008இல் 24 ஆயிரம், 2011இல் 30 ஆயிரம். நடுவில் 2010இல் சாம்பியன். 2011 ஜூலையில் அந்த விரிவாக்க வேலையின்போது கூரை இடிந்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். பிறகு நிதிச் சிக்கல், 2018இல் இரண்டாம் நிலைக்கு இறக்கம். அங்கேதான் ஓர் அதிசயம். இரண்டாம் நிலையில், சின்னச் சின்ன கிளப்புகளுக்கு எதிராக ஆடிய அந்த வருடமும் சராசரி 20 ஆயிரத்துக்கு மேல் வந்தார்கள். ஒரே வருடத்தில் அணி திரும்பி மேலே வந்துவிட்டது. பணம் போனாலும் சனம் போகவில்லை.

சென்னையிலிருந்து: டிவியில் ஸ்கோருக்குக் கீழே 30 ஆயிரம் பேர் என்று போடுகிறான். கண்ணுக்கு நிறைய இருக்கை காலியாகத் தெரிகிறது. எது உண்மை?

இரண்டும். பொதுவாக அறிவிப்பது விற்ற டிக்கெட் எண்ணிக்கையை. சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் ஜனவரிக் குளிருக்குப் பயந்து வீட்டில் இருந்தாலும் கணக்கில் வந்துவிடுவார்.

சேலத்திலிருந்து: சில சீசனில் சராசரி திடீரென இறங்குகிறதே. மக்களுக்கு ஆர்வம் குறைகிறதா?

முதலில் எந்த கிளப் இறங்கியது, எது ஏறியது என்று பாருங்கள். 22 ஆயிரம் பேர் வரும் ஒரு கிளப் கீழே போய், 4 ஆயிரம் பேர் வரும் கிளப் மேலே வந்தால், 18 ஆயிரம் வித்தியாசத்தை 18 அணிகளால் வகுங்கள். லீக்கின் சராசரி அப்படியே ஆயிரம் குறையும். மற்ற 17 கிளப்பிலும் ஓர் ஆள்கூடக் குறையாமல் இது நடக்கும். 2023இல் குரோனிங்கன் இறங்கியபோதும், 2025இல் டெல்ஸ்டாரும் எக்செல்சியோரும் வோலெண்டாமும் மேலே வந்தபோதும் இந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான் பட்டியலைப் பார்க்க வேண்டும். டெல்ஸ்டார் 1978க்குப் பிறகு முதல் முறையாக வந்தது. அதனால் சராசரி குறைந்தது என்று வருத்தப்பட எனக்கு மனம் வரவில்லை.

ஆர்வத்தை அளக்க வேண்டுமென்றால் நான் பார்ப்பது எத்தனை சதவீத இருக்கை நிரம்பியது என்பதை.

கொழும்பிலிருந்து: அயாக்ஸ் – ஃபெயனோர்ட் ஆட்டத்தில் வெளியூர் ரசிகர்களையே காணவில்லை. ஏன்?

2009இலிருந்து அந்த ஆட்டத்துக்கு வெளியூர் ரசிகர்களை அனுமதிப்பதில்லை. 1997இல் இரண்டு பக்கத்து ரசிகர்களும் பேவர்வைக் என்ற ஊருக்கருகே நெடுஞ்சாலை ஓரம் மோதிக்கொண்டதில் ஓர் உயிரே போனது. அந்த வடு இன்னும் ஆறவில்லை. மற்ற ஆபத்தான ஆட்டங்களுக்கு காம்பி என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. சொந்த வண்டியில் போக முடியாது, கிளப் ஏற்பாடு செய்த பஸ்ஸில்தான் எல்லோரும் சேர்ந்து போக வேண்டும். சில சமயம் கையில் கூப்பன்தான் இருக்கும். வழியில் ஓரிடத்தில் நிறுத்தி அதைக் கொடுத்து நிஜ டிக்கெட்டை வாங்க வேண்டும்.

பாதுகாப்புக்குத்தான் செய்கிறார்கள், புரிகிறது. ஆனால் தப்பே செய்யாத ஆயிரக்கணக்கானவர்களைச் சரக்கு போல ஏற்றி இறக்குவது எனக்குச் சம்மதமில்லை. அதே சமயம் 2023 ஏப்ரலில் டி குயிப்பில் அயாக்ஸ் வீரர் டேவி க்ளாசன் தலையில் லைட்டர் வந்து விழுந்து ரத்தம் வழிந்ததையும் பார்த்தோம். அதன் பிறகு விதி கடுமையானது. வீசிய பொருள் யார் மீதாவது பட்டால் அன்றைக்கு ஆட்டம் அவ்வளவுதான் என்றார்கள். அந்த வருடம் செப்டம்பரில் அயாக்ஸ் சொந்த அரங்கில் 0–3 என்று ஃபெயனோர்டிடம் தோற்றுக்கொண்டிருந்தபோது சொந்த ரசிகர்களே மைதானத்துக்குள் பட்டாசு வீசினார்கள். ஆட்டம் நின்றது. மூன்று நாள் கழித்து, ஒரு ரசிகர்கூட இல்லாத அரங்கில் மீதியை ஆடி 0–4 என்று முடித்தார்கள். முப்பது வருடம் பாடுபட்டு நிரப்பிய அரங்கு அன்று ஒரு கை விரல் சுண்டலில் காலியானது.

துபாயிலிருந்து: டி குயிப் எப்போதும் நிரம்பித்தான் இருக்கிறது. ஃபெயனோர்ட் ஏன் பெரிய ஸ்டேடியம் கட்டவில்லை?

திட்டம் இருந்தது. மாஸ் ஆற்றங்கரையில் 63 ஆயிரம் இருக்கையோடு புது அரங்கு. செலவு ஏறிக்கொண்டே போனது, 2022இல் கைவிட்டார்கள். ரசிகர்களிலேயே பலர் அதை விரும்பவில்லை. டி குயிப் 1937இல் திறந்த இரும்புக்கூடு. நல்ல ஆட்டத்தில் மேல் ஸ்டாண்டில் எல்லோரும் குதித்தால் கால் கீழே நடுங்கும். 2002இல் யூஈஎஃப்ஏ கோப்பை இறுதியாட்டமும் அங்கேதான் நடந்து, ஜெர்மனியின் டார்ட்மண்டை ஃபெயனோர்ட் 3–2 என்று வென்றது. அந்த இடத்தை விட்டுப் போக மனம் வருமா?

ஆனால் வளர்ச்சி முட்டி நிற்கும் சுவரும் இதுதான். அயாக்ஸ், ஃபெயனோர்ட், பி.எஸ்.வி. மூன்றிலும் சீசன் டிக்கெட்டுக்குக் காத்திருப்புப் பட்டியல். வர ஆள் இருக்கிறது, உட்கார இடம் இல்லை. இனி வளர வேண்டுமென்றால் நடுத்தர கிளப்புகளில்தான் வளர முடியும்.

திருநெல்வேலியிலிருந்து: டிக்கெட் வருமானத்தைவிட டிவி பணம்தானே பெரிது? கூட்டத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை?

இங்கிலாந்தில் சரி. இங்கே இல்லை. 2012இல் ஃபாக்ஸ் நிறுவனம் எரெடிவிசி ஒளிபரப்புக்கு 12 வருடத்துக்கு ஏறக்குறைய 100 கோடி யூரோ என்று ஒப்பந்தம் போட்டபோது இங்கே அது பெரிய செய்தி. வருடத்துக்கு வகுத்தால் சுமார் 8 கோடி. அதை 18 கிளப் பங்கு போட வேண்டும். 2022இல் ஆன்டனி என்ற ஒரே வீரரை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்று அயாக்ஸ் 9.5 கோடி யூரோ வாங்கியது. ஒரு வீரரின் விலை, அந்த ஒப்பந்தத்தில் மொத்த லீக்குக்கும் வந்த ஒரு வருட டிவி பணத்தைவிட அதிகம்.

வீரர் விற்பனை லாட்டரி மாதிரி, எல்லா வருடமும் அடிக்காது. நடுத்தர கிளப்புக்கு நிச்சயமாக வரும் பணம் சீசன் டிக்கெட்டும் உள்ளூர் விளம்பரதாரரும்தான். அந்த விளம்பரதாரரும் அரங்கு நிரம்பியிருப்பதைப் பார்த்துத்தான் வருகிறார்.

கோலாலம்பூரிலிருந்து: கொரோனாவில் என்ன ஆனது?

2020 ஏப்ரல் 24 அன்று சீசனையே நிறுத்தினார்கள். அயாக்ஸும் ஏ.இசட்டும் 56 புள்ளியில் சமம், சாம்பியன் கிடையாது. அடுத்த சீசனின் பெரும்பகுதி காலி அரங்கில். 2021இல் அயாக்ஸ் சாம்பியன் ஆனதும் அந்தக் கேடயத்தை உருக்கி, சீசன் டிக்கெட் வைத்திருந்த 42 ஆயிரம் பேருக்கும் ஆளுக்கொரு சின்ன நட்சத்திரம் செய்து அனுப்பினார்கள். ஒன்றின் எடை 3.45 கிராம். நான் அயாக்ஸ் ரசிகன் இல்லை, ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோது கண் கலங்கியது.

தஞ்சாவூரிலிருந்து: அண்ணா, மேற்படிப்புக்காக நெதர்லாந்து வருகிறேன். கையில் காசு குறைவு. ஒரே ஒரு ஆட்டம் பார்க்கலாம் என்றால் எது?

அயாக்ஸுக்கு ஓடாதே, தங்கை. டிக்கெட் கிடைப்பதும் கஷ்டம், விலையும் அதிகம். டெவென்டர் போ. கோ அஹெட் ஈகிள்ஸ், 1902இல் தொடங்கிய கிளப். நான்கு முறை தேசிய சாம்பியன், கடைசியாக 1933இல். அதற்குப் பிறகு 2025 ஏப்ரலில்தான் ஏ.இசட்டை பெனால்ட்டியில் வென்று டச்சுக் கோப்பையை எடுத்தார்கள். அரங்கு வீடுகளுக்கு நடுவே இருக்கிறது, 10 ஆயிரம் பேர்தான். சீசன் தொடங்கும்போதே கிளப் தளத்தில் பதிவு செய்துவை. ஆபத்தில்லாத ஆட்டமாகப் பார்த்துக்கொள். முடிந்தால் இரவு 8 மணி ஆட்டம். ரயிலை விட்டு இறங்கி வழி கேட்காதே. மஞ்சள் சிவப்பு சால்வை போட்டு சைக்கிளில் போகிறவர்கள் பின்னாலேயே நட, தெரு திரும்பியதும் ஓட்டு வீடுகளுக்கு மேலே விளக்குக் கம்பங்கள் தெரியும்.